இரவுக் காற்றோட்டப் பிளக்இன்: எனர்ஜிபிளஸ் ஓடி முடிகிறது, ஆனால் எண் அசையவில்லை

செம்பனைக்காற்று, சுங்கை சிப்புட், மலேசியா

எல்லோருக்கும் வணக்கம். தோட்டத்தை ஒட்டி இருக்கும் ஒரு தமிழ்ப்பள்ளியின் கணினிக்கூடத்துக்கு மின்செலவுக் கணக்கு போட்டுக்கொண்டிருக்கிறேன். மேல்மாடி அறை. ஜிங்க் கூரை, இரண்டு பக்கமும் லூவர்ஸ் ஜன்னல். நீளம் 9 மீட்டர், அகலம் 7.5, உயரம் 3. ஸ்பிளிட் ஏர்கோன் இரண்டு, காத்தாடி நான்கு. காலை ஏழரையிலிருந்து மதியம் ஒன்றரை வரைதான் பிள்ளைகள் இருப்பார்கள்.

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் ஒருவர் கேட்டார்: இரவில் ஜன்னலைத் திறந்து, வெளியே இழுக்கும் காத்தாடி ஒன்றைப் போட்டு, அறையை ஆற வைத்தால் காலையில் ஏர்கோனுக்கு வேலை குறையுமா? நல்ல கேள்வி. இதற்காக, கட்டடத்தின் மின்செலவைக் கணக்கிடும் எனர்ஜிபிளஸ் மென்பொருளில் பைத்தான் பிளக்இன் (அதோடு சேர்ந்து ஓடும் சிறு நிரல்) ஒன்று எழுதினேன். இரவு 8 முதல் காலை 6 வரை மூன்று நிபந்தனைகளைப் பார்க்கும்: வெளிக்காற்று அறையைவிட 2 டிகிரியாவது குளிர்ந்திருக்க வேண்டும், மழை பெய்யக்கூடாது, வெளிக்காற்றின் பனிப்புள்ளி (காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 22 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால் ஜோன் வென்டிலேஷன் (அறைக்கு வரும் வெளிக்காற்று) ஆக்சுவேட்டருக்கு, அதாவது நிரல் மதிப்பை மாற்றும் பிடிக்கு, அளவைக் கொடுக்கும். அவ்வளவுதான்.

இப்போது பிளக்இன்னைச் சேர்த்தாலும் எடுத்தாலும் ஆண்டு மின்செலவு தசமப் புள்ளி வரை ஒரே எண். எர்ரர் கோப்பில் சிவியர் (கடும் பிழை) என்று ஒரு வரிகூட இல்லை. எங்கே பார்ப்பது?

கூலிம் நிரலர்

அக்கா, முதலில் ஹேண்டில் எண்ணை, அதாவது ஆக்சுவேட்டரையோ மாறியையோ பிடிக்க எனர்ஜிபிளஸ் தரும் அடையாள எண்ணை, பாருங்கள். ஆக்சுவேட்டர் பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் எனர்ஜிபிளஸ் கத்தாது, சத்தமில்லாமல் மைனஸ் ஒன்றைக் கொடுத்துவிடும். உங்கள் நிரல் அந்த மைனஸ் ஒன்றைப் பார்த்து எதுவும் செய்யாமல் திரும்பிக்கொண்டிருந்தால் எண் அசையாது.

இன்னொன்று, ஹேண்டிலை எப்போது கேட்கிறீர்கள்? தரவு முழுதாகத் தயாரா என்று கேட்கும் ஒரு செயற்கூறு ஏபிஐயில் (நிரலும் எனர்ஜிபிளஸும் பேசும் இடைமுகத்தில்) உண்டு. அது ஆமாம் என்று சொல்வதற்கு முன்னால் கேட்டு, கிடைத்ததை வகுப்புக்குள் சேமித்துவிட்டால், பிறகு ஆண்டு முழுக்க அந்தப் பழைய மைனஸ் ஒன்றுதான். வெளிக்காற்று வெப்பநிலை மாதிரி படிக்கிற மாறிகளுக்கு, மாடல் எழுதியிருக்கும் ஐடிஎஃப் கோப்பில் அவற்றை அவுட்புட் வேரியபிளாகக் கேட்டிருக்க வேண்டும். கேட்காத மாறிக்கு ஹேண்டில் கிடையாது.

செம்பனைக்காற்று

பார்த்தேன் தம்பி. எல்லா ஹேண்டிலும் நேர் எண்தான். தயார் என்ற பிறகுதான் கேட்கிறேன். நிபந்தனை நிறைவேறும்போது எர்ரர் கோப்பில் ஒரு வரி எழுதச் சொன்னேன், சில இரவுகளில் அதுவும் வருகிறது. அதாவது நிரல் உள்ளே போகிறது, மதிப்பையும் கொடுக்கிறது. வாங்குகிறவர்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஈயக்குட்டை, ஈப்போ

தங்கச்சி, இந்த மாடல் நீங்களே அடியிலிருந்து கட்டியதா, யாரிடமாவது வாங்கியதா?

செம்பனைக்காற்று

வாங்கியது அண்ணே. வேறொரு பள்ளிக்கு முன்பு ஓர் ஆலோசகர் செய்த கோப்பு. அறை அளவையும் கூரையையும் மாற்றிக்கொண்டேன்.

ஈயக்குட்டை, ஈப்போ

அப்போது ஏர்ஃப்ளோ நெட்வொர்க் என்று ஒரு பகுதி உள்ளே இருக்கிறதா பாருங்கள். அதில் மல்டிஜோன் வித்அவுட் டிஸ்ட்ரிபியூஷன் என்று போட்டிருந்தால் விஷயம் முடிந்தது. நெட்வொர்க் ஓடும்போது காற்றோட்டத்தை அதுதான் கணக்கிடும். ஜோன் வென்டிலேஷன், ஜோன் இன்ஃபில்ட்ரேஷன் (இடுக்கு வழியே கசியும் காற்று) இரண்டையும் எனர்ஜிபிளஸ் ஒதுக்கி வைத்துவிடும். ஆனால் கோப்பில் ஜோன் வென்டிலேஷன் பொருள் (ஆப்ஜெக்ட்) இருப்பதால் ஆக்சுவேட்டரும் இருக்கும், ஹேண்டிலும் நேர் எண்ணாகவே வரும். நீங்கள் கொடுத்த மதிப்பு போய்ச் சேரும், அதை எடுத்துப் பயன்படுத்த ஆள் இருக்காது.

இதற்கு எர்ரர் கோப்பில் வார்னிங் ஒன்று வந்திருக்கும். சிவியரை மட்டும் தேடிவிட்டு மூடினால் கண்ணில் படாது. நான் புதிதாகச் சேரும் பையன்களிடம் சொல்வது, மற்றவர் கோப்பை வாங்கினால் முதல் ஓட்டத்தில் வார்னிங்கை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை படி, பிறகு கை வை.

தைப்பிங் மழை

ஒரே அறைக்கு ஏர்ஃப்ளோ நெட்வொர்க் எதற்கு? அடுத்த அறைகளோடு காற்று கலக்கிறது, காற்றுத் திசை முக்கியம் என்றால் சரி. இங்கே எக்ஸாஸ்ட் காத்தாடி இழுக்கும் அளவு தெரிந்ததுதானே. எடுத்துவிடலாம். வைத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்றால் ஆக்சுவேட்டரை மாற்ற வேண்டும், ஜன்னலின் வென்டிங் ஓபனிங் ஃபேக்டர் என்பதைப் பிடிக்க வேண்டும்.

அதோடு, ஏர் சேஞ்ச் ரேட் (அறைக்காற்று மணிக்கு எத்தனை தடவை மாறுகிறது) என்று ஓர் அவுட்புட் உண்டு. மின்செலவைப் பார்ப்பதற்கு முன் அதைப் பாருங்கள். காற்று மாறியதா என்று தெரியாமல் மின்சாரம் மாறவில்லையே என்று யோசிப்பதில் பயனில்லை.

செம்பனைக்காற்று

அண்ணன் சொன்னதேதான். நெட்வொர்க் இருந்தது, வார்னிங்கும் இருந்தது. எடுத்துவிட்டு ஓட்டினேன். எண் அசைந்தது, ஆனால் தலைகீழாக. ஏர்கோன் செலவு குறைவதற்குப் பதிலாக எகிறிவிட்டது. ஜனவரியில் ஒரு வறண்ட இரவு வரை ஒழுங்காக இருக்கிறது. அந்த இரவுக்குப் பிறகு பகலிலும் காற்றோட்டம் நிற்கவே இல்லை. ஏர் சேஞ்ச் ரேட் 106 என்று காட்டுகிறது.

கூலிம் நிரலர்

இது எனக்குத் தெரிந்த நோய். ஆக்சுவேட்டருக்கு ஒருமுறை மதிப்பு கொடுத்தால் நீங்களாக விடுவிக்கும் வரை அது அப்படியே நிற்கும். அடுத்த டைம்ஸ்டெப்பில் (கணக்கின் அடுத்த நேரப்படியில்) தானாகப் பழைய நிலைக்குத் திரும்பாது. உங்கள் நிரலில் நிபந்தனை சரி என்றால் திற என்று இருக்கும், இல்லையென்றால் என்ன செய்ய வேண்டும் என்று எதுவும் இருக்காது. சரிதானே?

செம்பனைக்காற்று

ஆமாம், அந்தக் கிளையே இல்லை. பூஜ்யம் கொடுத்துவிடவா?

ஈயக்குட்டை, ஈப்போ

அவசரப்படாதீர்கள். பூஜ்யம் கொடுப்பது வேறு, ரீசெட் செய்வது வேறு. பூஜ்யம் கொடுத்தால் காற்றோட்டம் பூஜ்யம் என்று நீங்கள் கட்டளை போடுகிறீர்கள். அந்த ஜோன் வென்டிலேஷன் பொருளிலேயே பகலில் பிள்ளைகளுக்கான புதுக்காற்று ஷெட்யூல் இருந்தால் அதையும் சேர்த்து அடைத்துவிடுவீர்கள். முப்பது பிள்ளைகள் மூச்சுவிடும் அறையில் வெளிக்காற்றே இல்லை என்று கணக்கு போனால் ஏர்கோன் செலவு அழகாகக் குறையும், நீங்களும் சேமிப்பு என்று எழுதிவிடுவீர்கள். ரீசெட் செய்தால் பிடி தளர்ந்து ஷெட்யூல் சொன்னபடி நடக்கும். உங்களுக்கு ரீசெட்தான்.

ஓய்வுபெற்ற வாத்தியார், சுங்கை சிப்புட்

இந்த மென்பொருள் எனக்குப் பழக்கமில்லை, நாற்பது ஆண்டு பௌதிகம் மட்டும் சொல்லிக்கொடுத்தவன். ஆனால் 106 என்ற எண் உறுத்துகிறது அம்மா. அறையின் கனஅளவு 202.5 கனமீட்டர். மணிக்கு 106 தடவை காற்று மாறுகிறது என்றால் நொடிக்கு கிட்டத்தட்ட 6 கனமீட்டர். நீங்கள் கொடுத்த எண் 6தானா?

செம்பனைக்காற்று

ஆமாம் ஐயா, மணிக்கு 6 தடவை என்று நினைத்துக் கொடுத்தது.

ஓய்வுபெற்ற வாத்தியார், சுங்கை சிப்புட்

அப்படியானால் அது நொடிக்குக் கனமீட்டர் என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. 202.5 பெருக்கல் 6, வகுத்தல் 3,600. சுமார் 0.34 வர வேண்டும்.

கூலிம் நிரலர்

ஐயா சொல்வது சரி. ஏர் எக்ஸ்சேஞ்ச் ஃப்ளோ ரேட் ஆக்சுவேட்டர் நொடிக்குக் கனமீட்டரில்தான். ஐடிஎஃப் கோப்பில் அதே பொருளை ஏசிஎச் (மணிக்கு இத்தனை தடவை) முறையிலும் எழுதலாம், அதனால்தான் பலர் ஏமாறுகிறார்கள். எந்த ஆக்சுவேட்டருக்கு என்ன அலகு என்று தெரிய, ஈஎம்எஸ் (ஆற்றல் மேலாண்மை) அவுட்புட் பொருளை வெர்போஸ் என்று போட்டு ஓட்டினால் ஈடிடி கோப்பில் பட்டியலே வரும், அலகோடு. இணையத்தில் தேடுவதைவிட அது நம்பகமானது, ஏனென்றால் அது உங்கள் மாடலில் உண்மையில் இருப்பவற்றைச் சொல்கிறது.

தைப்பிங் மழை

நான் கொஞ்சம் குறுக்கே பேசுகிறேன். இவ்வளவு பாடு எதற்கு? 2 டிகிரி வித்தியாசம் என்ற நிபந்தனை ஜோன் வென்டிலேஷன் டிசைன் ஃப்ளோ ரேட் பொருளிலேயே ஒரு கட்டமாக இருக்கிறது. இரவு நேரம் ஷெட்யூலில் அடங்கிவிடும். பனிப்புள்ளியும் மழையும் வேண்டுமென்றால் ஹைபிரிட் வென்டிலேஷன் அவைலபிலிட்டி மேனேஜர் உண்டு. தயாராக இருக்கும் பொருளை விட்டுவிட்டு நிரல் எழுதினால் பிழை தேடுவதே வேலையாகிவிடும். 2020இல் 9.3 பதிப்போடு பைத்தான் பிளக்இன் வந்ததிலிருந்து எல்லோருக்கும் எதை எடுத்தாலும் பிளக்இன்.

ஈயக்குட்டை, ஈப்போ

பாதி ஒத்துக்கொள்கிறேன். பள்ளி வாட்ச்மேன் எத்தனை மணிக்கு வந்து ஜன்னலைத் திறப்பார், மழை விட்ட பிறகு எவ்வளவு நேரம் கழித்துத் திறப்பார் என்பதெல்லாம் தயார் பொருளில் எழுத வராது. ஆனால் நீங்கள் சொன்ன பொருள் வேறொரு வகையில் உதவும். தங்கச்சி, பிளக்இன்னில் மழையையும் பனிப்புள்ளியையும் தற்காலிகமாக அணைத்துவிட்டு, நேரமும் 2 டிகிரியும் மட்டும் வையுங்கள். இன்னொரு கோப்பில் பிளக்இன் இல்லாமல் அதே இரண்டையும் டிசைன் ஃப்ளோ ரேட் பொருளில் எழுதுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே பதிலைத் தர வேண்டும். தந்தால் உங்கள் குழாய், அதாவது நிரலிலிருந்து மதிப்பு போய்ச் சேரும் வழி, சரி. பிறகு ஒவ்வொரு நிபந்தனையாகச் சேருங்கள். தராவிட்டால் நிபந்தனைகளைத் தொடவே வேண்டாம், பிழை குழாயில் இருக்கிறது.

செம்பனைக்காற்று

செய்தேன். ரீசெட் போட்டு, அளவை 0.34 ஆக்கி, இரண்டு கோப்பையும் ஓட்டினேன். அறை வெப்பநிலைக் கோடு ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்துவிட்டது. ஏர்கோன் செலவும் ஒட்டி வருகிறது.

ஆனால் ஒரு விநோதம். திறந்திருந்த மணி நேரத்தை எண்ண பிளக்இன்னுக்குள் ஓர் எண்ணி வைத்தேன். ஒவ்வோர் அழைப்புக்கும் 10 நிமிடம் கூட்டும். ஆண்டு முடிவில் நாலாயிரம் மணி நேரத்துக்கு மேல் காட்டுகிறது. இரவுக்கு 10 மணி நேரம் என்றால் உச்சமே 3,650தானே?

கூலிம் நிரலர்

எண்ணியை எந்த அழைப்பில் வைத்தீர்கள் அக்கா?

செம்பனைக்காற்று

ஹெச்விஏசி (குளிரூட்டல், காற்றோட்டம்) சுற்றுக்குள் வருவதில்.

கூலிம் நிரலர்

அங்கே வைக்கக்கூடாது. கணக்கு ஒருங்கும் வரை அந்தச் சுற்று ஒரே டைம்ஸ்டெப்பில் பல தடவை ஓடும், ஒவ்வொரு தடவையும் உங்கள் எண்ணி கூடும். சிஸ்டம் டைம்ஸ்டெப் 10 நிமிடத்தைவிடச் சின்னதாகச் சுருங்கவும் செய்யும். அதற்கு மேல் வார்ம்-அப் வேறு. ஆண்டு தொடங்கும் முன் முதல் நாளையே திரும்பத் திரும்ப ஓட்டி அறையை நிலைக்குக் கொண்டுவருவார்கள், அந்த நாட்களும் உங்கள் கணக்கில் ஏறிவிடும். சைசிங் நாட்களும் (கருவியின் அளவைத் தீர்மானிக்க ஓட்டும் நாட்கள்) அப்படித்தான்.

எண்ணியை ஜோன் டைம்ஸ்டெப் முடிந்து ரிப்போர்ட் ஆன பிறகு வரும் அழைப்புக்கு மாற்றுங்கள். தொடக்கத்திலேயே வார்ம்-அப் கொடி நிற்கிறதா என்று பார்த்து, நின்றால் திரும்பிவிடுங்கள். திரும்பும்போது பூஜ்யத்தைத் தர மறக்க வேண்டாம், வெறுங்கையோடு வெளியேறினால் ஓட்டம் அங்கேயே நின்றுவிடும். பிளக்இன் இன்ஸ்டன்ஸ் பொருளில் வார்ம்-அப் நாட்களில் ஓட வேண்டுமா என்று ஒரு கட்டம் இருக்கிறது. ஆனால் அதை அணைத்தால் கட்டுப்பாடும் வார்ம்-அப்பில் ஓடாது, அறை தவறான வெப்பத்தோடு ஜனவரி ஒன்றைத் தொடங்கும். அதனால் கட்டுப்பாடு ஓடட்டும், எண்ணி மட்டும் ஓய்வெடுக்கட்டும்.

செம்பனைக்காற்று

எண்ணி சரியாகிவிட்டது, 3,650க்குக் கீழே இறங்கிவிட்டது. பிறகு மழையையும் பனிப்புள்ளியையும் மறுபடி சேர்த்தேன். இப்போது ஜன்னல் ஆண்டு முழுக்க விரல்விட்டு எண்ணும் இரவுகளில்தான் திறக்கிறது! நிபந்தனையை எழுதிய விதத்தில் இன்னும் பிழை இருக்கிறதோ என்று தோன்றுகிறது. பனிப்புள்ளியை எந்த ஹேண்டிலில் எடுக்கிறேன் என்பதிலிருந்து மறுபடி பார்க்கப் போகிறேன்.

ஈயக்குட்டை, ஈப்போ

நிரலைத் திறக்காதீர்கள். வானிலைக் கோப்பைத் திறங்கள். ஈபிடபிள்யூ வெறும் எழுத்துக் கோப்புதான், மேலே எட்டு தலைப்பு வரிகள், பிறகு 8,760 வரிகள். எக்செல்லில் போட்டு இரவு 8 முதல் காலை 6 வரை மட்டும் வடிகட்டி, பனிப்புள்ளி நெடுவரிசையில் 22க்குக் கீழே எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பிளக்இன் சொன்னதோடு ஒத்துப்போனால் நிரல் சரி. ஊர் அப்படி.

நம் தாழ்நிலத்தில் இரவு 24 டிகிரி, ஈரப்பதம் 95 விழுக்காடு என்பது சர்வசாதாரணம். அப்போது பனிப்புள்ளியே 23ஐத் தாண்டிவிடும். 22 என்ற எண் எங்கிருந்து வந்தது? வறண்ட நாட்டுக்காரர் எழுதிய கட்டுரையிலிருந்து என்றால் ஆச்சரியப்பட மாட்டேன். குளிரான கேமரன் மலைக்கு வைத்தால் தினமும் திறக்கும்.

தைப்பிங் மழை

எந்த ஊர்க் கோப்பு என்பதையும் சொல்லுங்கள். கோலாலம்பூர் சுபாங் கோப்பாக இருந்தால் மழை நிபந்தனையே அர்த்தமில்லாதது. சுபாங்கில் பெய்த மழைக்கு சுங்கை சிப்புட்டில் ஜன்னல் மூடுகிறது. ரன் பீரியட் பொருளில் வானிலைக் கோப்பின் மழைக் குறியீட்டைப் பயன்படுத்து என்ற கட்டம் யெஸ் என்று இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். நோ என்றால் மழையே பெய்யாத ஊராகிவிடும்.

ஒன்பில்டிங் தளத்தில் ஈப்போ விமான நிலையக் கோப்பு கிடைக்கும். உங்களுக்கு அதுதான் பக்கம்.

ஓய்வுபெற்ற வாத்தியார், சுங்கை சிப்புட்

கோப்பை மாற்றும்போது தலைப்பு வரியில் நேர வலயம் 8 என்று இருக்கிறதா பாருங்கள் அம்மா. 1982 ஜனவரி 1ஆம் தேதி கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, அன்றிலிருந்து வெயிலும் கடிகாரமும் ஒத்துப்போவதே இல்லை. நம் பக்கம் சூரியன் உச்சிக்கு வருவது ஒன்றேகால் மணி வாக்கில். சாயங்காலம் ஆறு மணிக்கும் மேற்குச் சுவரில் வெயில் அடிக்கும். இரவு எட்டு மணிக்குத் தொடங்க வைத்தது நல்லதுதான், ஆறு மணி என்று வைத்திருந்தால் வெக்கையைத்தான் இழுத்திருக்கும்.

செம்பனைக்காற்று

சுபாங் கோப்புதான் அக்கா, ஈப்போவுக்கு மாற்றிவிட்டேன். நேர வலயம் 8தான் ஐயா. அண்ணன் சொன்னபடி எண்ணிப் பார்த்தேன், பிளக்இன் சொன்ன இரவுகளும் கோப்பில் இருக்கும் இரவுகளும் அப்படியே பொருந்துகின்றன.

சரி என்று பனிப்புள்ளி நிபந்தனையை எடுத்துவிட்டு ஓட்டினேன். இப்போது சேமிப்பு கொட்டுகிறது. நம்பும்படியாக இல்லை.

ஓய்வுபெற்ற வாத்தியார், சுங்கை சிப்புட்

நம்ப வேண்டாம். அந்த அறையில் காலையில் நோட்டுப் புத்தகத்தைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தாள் துவண்டு கிடக்கும்.

கைக்கணக்கு போடுவோம். 24 டிகிரி, 95 விழுக்காட்டுக் காற்றில் ஒரு கிலோவுக்கு 18 கிராம் நீராவி. ஏர்கோன் வைக்க நினைக்கும் 26 டிகிரி, 60 விழுக்காட்டில் 12.6 கிராம். அறையில் இருக்கும் காற்று சுமார் 237 கிலோ. வித்தியாசம் ஒன்றேகால் கிலோ தண்ணீர். அதை வடிக்க 0.9 யூனிட்டுக்குச் சற்றுக் குறைவான குளிர்ச்சி வேண்டும். காற்றுக்கு மட்டும் இவ்வளவு. தாள், திரைச்சீலை, பலகை, சிமெண்ட் பூச்சு எல்லாம் இரவு முழுக்கக் குடித்த ஈரம் தனி.

இன்னொரு பக்கம், தரைக் கான்கிரீட்டில் 10 செண்டிமீட்டர் ஆழம் எடுத்துக்கொண்டால் ஒரு டிகிரி குளிர்ந்தாலே 3.8 யூனிட் வெப்பம். இரண்டு டிகிரி குளிர்ந்தால் 7.6. இதில் ஒரு பங்குதான் காலை நேரத்துக்குள் பயன்படும். ஏர்கோனின் செயல்திறன் 3 என்றால் அந்தப் பங்கையும் மூன்றால் வகுத்தால்தான் மின்சாரம். இரவில் 60 வாட் காத்தாடி 10 மணி நேரம் ஓடினால் 0.6 யூனிட் போய்விடும். லாபம் இருக்கலாம், கொட்டாது.

ஈயக்குட்டை, ஈப்போ

வாத்தியார் ஐயா, நீங்கள் மென்பொருளே இல்லாமல் முடித்துவிட்டீர்கள்.

தங்கச்சி, உங்கள் மாடலில் சுவர்க் கணக்கு கண்டக்‌ஷன் டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷன் என்று இருக்கும், அதுதான் இயல்பாக வருவது. அது வெப்பத்தைச் சேமிக்கும், ஈரத்தைச் சேமிக்காது. அதாவது இரவுக் காற்று தந்த குளிர்ச்சியைச் சுவர் பத்திரமாக வைத்துக்கொள்ளும், ஈரத்தை மட்டும் காலையில் ஜன்னல் மூடியதும் மறந்துவிடும். நமக்குச் சாதகமான பாதியை மட்டும் கணக்கெடுத்த மாதிரி. ஈரத்தையும் சேர்த்துக் கணக்கிடும் ஈஎம்பிடி முறைக்கு மாறி, பூச்சுக்கும் பலகைக்கும் ஈரப் பண்புகளைக் கொடுங்கள். அதற்குத் தரவு கிடைக்காவிட்டால் ஜோன் கபாசிடன்ஸ் மல்டிப்ளையரில் ஈரப்பதப் பெருக்கியைக் கூட்டி வைத்துத் தோராயமாகப் பாருங்கள்.

எக்ஸாஸ்ட் காத்தாடியின் மின்சாரத்தையும் பாருங்கள். டிசைன் ஃப்ளோ ரேட் பொருளில் வகையை நேச்சுரல் என்று விட்டிருந்தால் காத்தாடி இலவசமாக ஓடும்.

செம்பனைக்காற்று

நேச்சுரல் என்றுதான் இருந்தது. எக்ஸாஸ்ட் என்று மாற்றி, காத்தாடி அழுத்தத்தையும் திறனையும் கொடுத்தேன். ஈஎம்பிடிக்கும் மாறினேன். சேமிப்பு நன்றாக மெலிந்துவிட்டது, ஐயாவின் கைக்கணக்கு சொன்ன பக்கத்தில் வந்து நிற்கிறது. காலை ஏழரைக்கு அறை ஈரப்பதம் பழைய ஓட்டத்தைவிடத் தெளிவாக உயர்ந்திருக்கிறது, முதல் ஒரு மணி நேரம் ஏர்கோன் ஈரத்தை வடிப்பதிலேயே போகிறது.

தைப்பிங் மழை

கணினிக்கூடம் வேறு. ஈரம் ஏறிய அறையில் கணினிகளை வைத்து என்ன செய்வது? நூலகமாக இருந்தாலும் இதையேதான் சொல்வேன்.

ஈயக்குட்டை, ஈப்போ

அதே மாடலில் பிளக்இன்னை அணைத்துவிட்டு, ஜிங்க் கூரைக்கு அடியில் இன்சுலேஷன் போட்டு ஒரு ஓட்டம் பாருங்கள். மலேசியத் தரநிலை எம்எஸ் 1525 இலகுக் கூரைக்கு 0.4 என்ற யு மதிப்பை (வெப்பம் எவ்வளவு கடக்கிறது என்ற அளவு) சொல்கிறது. அந்த அளவுக்குக் கொண்டுவந்து பாருங்கள். மேல்மாடி அறைக்கு வெக்கை வருவதே அங்கிருந்துதான். இதற்கு ஒரு வரி நிரலும் தேவையில்லை.

செம்பனைக்காற்று

ஓட்டிவிட்டேன் அண்ணே. இரவுக் காற்றைவிடக் கூரை அதிகமாகக் குறைக்கிறது, ஈரமும் ஏறவில்லை. சங்கத்துக்கு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டப் போகிறேன்.

கூலிம் நிரலர்

அக்கா, சரி செய்த பிளக்இன்னை இங்கே போட முடியுமா? என்னிடம் வந்த ஒரு மண்டபத்துக்கும் இதே கேள்விதான். பனிப்புள்ளி வரியை அழிக்காமல் அணைத்து மட்டும் வையுங்கள்.

ஓய்வுபெற்ற வாத்தியார், சுங்கை சிப்புட்

சங்கக் கூட்டம் சனிக்கிழமை அம்மா. அத்தனை வரைபடமும் வேண்டாம், ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். கூரைக்கு எவ்வளவு வெள்ளி ஆகும் என்று குத்தகையாளரிடம் நான் விசாரிக்கிறேன்.

செம்பனைக்காற்று

வெள்ளிக்கிழமை சாயங்காலம் புலனத்தில் அனுப்பிவிடுகிறேன் ஐயா. தம்பி, நிரலை இன்றிரவு ஏற்றுகிறேன். ஈப்போ கோப்புக்குத்தான் சோதித்தது, மண்டபத்துக்கு எடுப்பதென்றால் கனஅளவை வைத்து 0.34ஐ மாற்றிக்கொள்ளுங்கள்.